கருவிழியில் ஒரு மரக்கிளை

எஸ்.பி.எம். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது என் இடது கண் சிவந்தது. வகுப்பில் இருவருக்குக் கண்வலி வந்து போயிருந்ததால் எனக்கும் அதுதான் என்று நினைத்தேன். பீடோங் பக்கம் தோட்டத்தில் இருக்கும் பாட்டி வீட்டுக்கு அந்த வாரம் போயிருந்தோம். கண்புரை அறுவைக்குப் பிறகு தமக்குக் கொடுத்த சொட்டு மருந்தில் மிச்சமிருந்ததைப் பாட்டி என் கண்ணில் விட்டார். மறுநாளே சிவப்பு குறைந்தது. நான்காம் நாள், வெண்பலகையில் ஆசிரியர் எழுதியது பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் தெரிந்தது.

கிளினிக்கில் கடிதம் கொடுத்து, சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அனுப்பினார்கள். மருத்துவர் பஞ்சு நுனியை மெல்லியதாகத் திரித்துக் கருவிழியைத் தொட்டார். வலது கண் சட்டென்று மூடியது. இடது கண்ணுக்குத் தொட்டதே சரியாகத் தெரியவில்லை. வலி குறைவாக இருந்ததால் நானும் பெரிதாக எண்ணாமல் இருந்துவிட்டேன்; உண்மையில் கருவிழியின் உணர்வே மங்கியிருந்தது!

அடுத்து ஃபுளோரெசின் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் வைத்து, நீல ஒளியில் பார்த்தார். புண் பச்சையாக ஒளிர்ந்தது. அதைப் படம்பிடித்துக் காட்டினார். கிளை கிளையாகப் பிரிந்து, நுனிதோறும் சிறு குமிழுடன் இலையுதிர்ந்த பால்மரம்போல் இருந்தது. இந்த வடிவமே பெரும்பாலும் நோயைச் சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால்தான் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

"ஹெர்பிஸ்" என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கண்ணைத் தாக்குவது பெரும்பாலும் உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் முதல் வகைக் கிருமி. சிறுவயதில் யாரோ கொஞ்சி முத்தமிட்டதில்கூட வந்திருக்கலாம். அது முகத்தின் உணர்வு நரம்பு முடிச்சில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து, காய்ச்சல் போன்ற சமயங்களில் விழித்துக்கொள்ளும்.

பாட்டியின் புட்டியையும் காட்டினேன். அதில் இருந்தது ஸ்டெராய்டு. அறுவைக்குப் பின் அழற்சியைத் தணிக்க அது தேவை. ஆனால், இந்தப் புண்ணில் அதை மட்டும் விட்டால் உடலின் எதிர்ப்பு அடங்கி, கிருமி தாராளமாகப் பெருகும். சிவப்பு குறைந்தது அந்த ஏமாற்றில்தான். (கருவிழியின் ஆழ்ந்த அடுக்கு வீங்கினால், கிருமி மருந்தோடு சேர்த்து ஸ்டெராய்டையே மருத்துவர்கள் கொடுப்பதும் உண்டு. அளவும் நாளும் அவர்கள் கையில்.)

எனக்குக் கொடுத்தது அசைக்ளோவிர் களிம்பு, தினம் ஐந்து முறை. அறிவியல் பிரிவு மாணவர்களுக்கு இது பிடிக்கும்: கிருமியின் சொந்த நொதிதான் இந்த மருந்தை முடுக்கிவிடுகிறது. அதனால் கிருமி புகாத செல்களுக்குப் பாதிப்பு மிகக் குறைவு. இம்மருந்தின் பின்னணியில் இருந்த கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு வாரத்தில் புண் ஆறியது. லேசான தழும்பு மட்டும் ஓரத்தில் இருக்கிறது. ஆனால் கிருமி நரம்பைவிட்டுப் போகாது, மீண்டும் வரலாம். 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அசைக்ளோவிர் மாத்திரையை ஓராண்டு தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 19 விழுக்காட்டினருக்கும், சாப்பிடாதவர்களில் 32 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. எனக்கு இது முதல் முறை என்பதால் மாத்திரை தரவில்லை.

கணிதத் தாளைக் களிம்பு மங்கலோடுதான் எழுதினேன். பாட்டி இப்போது தோட்டத்தில் யாருக்குக் கண் சிவந்தாலும், "ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா? எழுத்து தெரியுதா?" என்று கேட்டு, பஸ் காசையும் கையில் கொடுத்து கிளினிக்குக்கு விரட்டுகிறார்.