பணத்துக்கு ஒரு முகமூடி!

உங்கள் உண்டியலை ஊரே எட்டிப் பார்த்தால் பிடிக்குமா, குட்டீஸ்?

'எதீரியம்' என்ற கணினிப் பணத்தில் அப்படித்தான்! பெயர் தெரியாது, ஆனால், எந்தக் கணக்கிலிருந்து எங்கே எவ்வளவு போனது என்பதை யாரும் பார்க்கலாம். கணக்கு யாருடையது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், பழைய கதையெல்லாம் அம்பலம்.

அதை மறைக்க 2019ல் வந்தது, 'டொர்னாடோ கேஷ்' என்ற நிரல். பலரும் ஒரே அளவு பணத்தை ஒரே பானையில் போடுவார்கள். பிறகு வேறு கணக்கில் எடுப்பார்கள். எது யாருடையது? கண்டுபிடிப்பது கஷ்டம்!

எதீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புட்டரின், உக்ரைனுக்கு நன்கொடை அனுப்ப இதைப் பயன்படுத்தியதாகச் சொன்னார். வடகொரியத் திருடர்களும் இதே பானையில் கை விட்டார்கள். 2022 ஆகஸ்டில் அமெரிக்கா தடை போட்டது. நல்லவர்களுக்கும் சேர்த்துத்தான்!

வழக்கு நடந்தது. யாராலும் மாற்ற முடியாமல் தானே ஓடும் நிரல், யாருடைய சொத்தும் அல்ல. அதற்குத் தடை செல்லாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 2025 மார்ச்சில் தடை நீங்கியது.