பைத்தானில் உள்ளமை செயற்கூறுகளைப் பகிர்தல்

பைத்தான் நிரலாக்க மொழியில் எதையும் இறக்குமதி செய்யாமல் நேரடியாக அழைக்கக்கூடிய பிரிண்ட், லென், ஓப்பன் போன்றவை உள்ளமை செயற்கூறுகள் எனப்படும். இவை பில்ட்இன்ஸ் என்னும் மாட்யூலில் உள்ளன. 2008இல் வெளியான பைத்தான் 3 முதல் அம்மாட்யூலுக்கு இப்பெயர் வழங்குகிறது.

பெயரைத் தேடும் முறை

நிரலில் ஒரு பெயர் வந்தால் பைத்தான் அதைப் பின்வரும் வரிசையில் தேடும்:

1. செயற்கூறின் உட்பகுதி
2. அதைச் சூழ்ந்த செயற்கூறு
3. மாட்யூலின் பொதுப்பகுதி
4. பில்ட்இன்ஸ்

மூன்றாவது பகுதி மாட்யூலுக்கு மாட்யூல் வேறுபடும். எனவே ஒரு மாட்யூலில் லென் என்ற பெயரில் புதிய செயற்கூறு எழுதினால், அங்கு மட்டுமே பழையது மறையும். நான்காவது பகுதியோ எல்லா மாட்யூல்களுக்கும் பொதுவானது.

தமிழ் எழுத்துகளை எண்ணுதல்

சைதாப்பேட்டை என்ற சொல்லில் சை, தா, ப், பே, ட், டை என 6 எழுத்துகள் உள்ளன. ஆனால் லென் தரும் விடை 12. அது யூனிகோடு குறியீடுகளை எண்ணுவதால், உயிர்மெய்க் குறிகளும் மெய்யெழுத்தின் புள்ளியும் தனித்தனியே கணக்கில் சேர்கின்றன.

உள்ளமை செயற்கூறை மாற்றுவதன் விளைவு

பில்ட்இன்ஸில் உள்ள லென்னையே தமிழுக்கேற்ப மாற்றிவிட்டால், எல்லா மாட்யூல்களுக்கும் 6 என்ற விடையே கிடைக்கும். ஆனால் சரத்தைத் துண்டிக்கும் முறை இன்னும் குறியீடுகளையே கணக்கிடும். முழுச் சொல்லையும் எடுப்பதற்காக, தொடக்கம் முதல் லென் தரும் எண் வரை துண்டிக்கும் வேறொரு மாட்யூலுக்கு முதல் 6 குறியீடுகள், அதாவது 'சைதாப்' மட்டுமே கிடைக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் காரணத்தைக் கண்டறிவதும் கடினம்.

உகந்த வழி

புதிய செயற்கூறுக்கு எழுத்து_எண்ணிக்கை போன்ற தனிப்பெயர் இட்டு, அதை ஒரு பொது மாட்யூலில் வைக்கலாம். தேவைப்படும் மாட்யூல்கள் அதை இறக்குமதி செய்துகொள்ளும். ஓப்பன்-தமிழ் நிரலகமும் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் கெட்_லெட்டர்ஸ் செயற்கூறை இவ்வாறே தனிப்பெயரில் வழங்குகிறது.

இறக்குமதியின்போது நட்சத்திரக் குறியைத் தவிர்ப்பது நல்லது. ஓஎஸ் மாட்யூலை அவ்வாறு இறக்குமதி செய்தால், அதிலுள்ள ஓப்பன், உள்ளமை ஓப்பனை மறைத்துவிடும்.

விதிவிலக்கு

மொழிபெயர்ப்புக்கான கெட்டெக்ஸ்ட் மாட்யூலின் இன்ஸ்டால் செயற்கூறு, அடிக்கோடு ஒன்றையே பெயராகக் கொண்ட செயற்கூறை பில்ட்இன்ஸில் சேர்க்கிறது. அது புதிய பெயரைச் சேர்க்கிறதே தவிர, இருக்கும் உள்ளமை செயற்கூறு எதையும் மாற்றுவதில்லை.