மூன்றாவது தகடு

பேட்டரி என்றால் பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று. மின்சாரம் போகவும் வரவும் இரண்டு முனை போதும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் 2000-இல் வந்த நோக்கியா 3310-இன் பேட்டரியைக் கழற்றித் திருப்பினால், பொன்னிறத் தகடுகள் நான்கு தெரியும். பிறகு வந்த நோக்கியாவின் பி.எல்-5சி பேட்டரியில் மூன்று. கேமரா பேட்டரிகள் பலவற்றில் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே ‘டி’ என்றொரு எழுத்து இருக்கும். கரண்ட் கூடுதலாகப் பாயத்தான் இவை என்று சொல்வார்கள். லேப்டாப்பில் அதற்காகவும் தகடுகளை இரட்டிப்பதுண்டு. போனிலோ உபரித் தகடு வழியாகப் போவது பெரும்பாலும் செய்திதான். அதில் ஓடும் கரண்ட் பெயருக்குத்தான்.

3310-க்கு இருவகை பேட்டரிகள் பொருந்தும். ஒன்று நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, மற்றது லித்தியம் அயான். 1.2 வோல்ட் நிக்கல் செல்கள் மூன்றை வரிசையாகக் கோத்தால் 3.6 வோல்ட்; ஒற்றை லித்தியம் செல்லும் ஏறக்குறைய அவ்வளவே தரும். வோல்டேஜை மட்டும் அளந்து எது எதுவென்று சொல்ல முடியாது. சார்ஜ் ஏற்றும் முறையோ முற்றிலும் வேறு. நிக்கல் செல் நிரம்பியதும் சூடேறும், வோல்டேஜ் லேசாக இறங்கும். அந்த அடையாளம் தெரிந்ததும் சார்ஜர் நிறுத்தும். லித்தியத்தை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவே விடக்கூடாது. அங்கே வோல்டேஜ் இறங்கட்டும் என்று காத்திருந்தால் செல்தான் நாசமாகும். ஆகவே உள்ளே வந்திருப்பது யார் என்று போனுக்கு முதலிலேயே தெரிய வேண்டும். அதற்கு வைத்த வழி ஒரு சிறு ரெசிஸ்டர். உபரித் தகடு ஒன்றுக்கும் மைனஸுக்கும் இடையே அது எத்தனை ஓம் என்று போன் அளக்கிறது. அந்த எண்தான் பேட்டரியின் பெயர்ச்சீட்டு. இன்னொரு தகட்டின் பின்னால் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். வழக்கமான லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது நல்லதல்ல. பூஜ்ஜியத்துக்குக் கீழே செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகவே படியத் தொடங்கும். பூஜ்ஜியமெல்லாம் நம் ஊரில் எங்கே என்று கேட்கலாம். பின்லாந்துக் கம்பெனியான நோக்கியாவுக்கு அது அன்றாடக் கவலை.

‘அதே பி.எல்-5சி-யைப் போட்டு பிளாட்பாரத்தில் விற்கும் எஃப்.எம். ரேடியோ இரண்டு முனையிலேயே பாடுகிறதே?’ என்பது நியாயமான கேள்வி. பாடும். ரேடியோவுக்குத் தெரிந்த பேட்டரி ஒரே வகை. அது ஆளை விசாரிக்க வேண்டியதில்லை. மிஞ்சிப்போனால் காப்பாற்ற, பேட்டரிக்குள்ளேயே ஒரு பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிறது. வோல்டேஜ் எல்லை மீறினால் துண்டித்துவிடும். அது கடைசித் தடுப்பு. தினமும் அதில் போய் முட்டிக்கொண்டிருப்பதைச் சார்ஜ் செய்யும் முறை என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது தகடு ரட்சைக் கயிறும் அல்ல. 2007 ஆகஸ்டில் நோக்கியா 4 கோடியே 60 லட்சம் பி.எல்-5சி பேட்டரிகளைப் பற்றி எச்சரித்தது. சார்ஜ் ஆகும்போது ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டு அதிகமாகச் சூடாகலாம் என்றது. மத்சுஷிதா கம்பெனி தயாரித்த அவற்றுக்கும் மூன்று தகடுகள்தான். செல்லுக்குள் நேரும் குறையைத் தகடு என்ன செய்யும்?

இதெல்லாம் வேறு கம்பெனி பேட்டரி வாங்கவிடாமல் தடுக்கும் தந்திரம் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். ரெசிஸ்டர் விஷயத்தில் அது நிற்காது: டூப்ளிகேட் போடுகிறவரும் அதே மதிப்பில் ஒன்றைப் பற்றவைத்துவிடலாம். பூட்டாக நினைத்திருந்தால் அதைவிட மட்டமான பூட்டு இல்லை. ஆனால் பின்னாளில் சில பேட்டரிகளில் ரகசியக் குறியீட்டுச் சிப் வந்தது. கருவி கேள்வி கேட்கும். சரியான விடை வராவிட்டால் பேட்டரியை ஏற்காது. இது பூட்டேதான். போலி பேட்டரியால் ஆபத்து என்ற கம்பெனிகளின் வாதத்தில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியில் இடிக்கிறது: செய்தது யார் என்று சிப் சொல்லும், ஒழுங்காகச் செய்தாரா என்று சொல்லாது. பூட்டில்லாமலும் பேட்டரியைப் பேசவைக்க முடியும் என்பதற்கு லேப்டாப்பே சாட்சி. 1990-களின் நடுவில் இன்டெலும் டியூராசெல்லும் வெளியிட்ட ‘ஸ்மார்ட் பேட்டரி’ விதிமுறையில், கடிகாரத் துடிப்புக்கு ஒரு கம்பி, தகவலுக்கு ஒரு கம்பி. எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று பேட்டரியே கணக்கு ஒப்பிக்கும். விதிமுறையோ பகிரங்கமானது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரிச் சட்டம் பூட்டையும் தகவலையும் பிரித்தே பார்க்கிறது. சில விலக்குகள் போக, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்ற முடிய வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. பொருத்தமான மாற்று பேட்டரியை மென்பொருளைக் கொண்டு தடுக்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. சூட்டைச் சொல்லும் தகட்டுக்கு அதில் தடையில்லை.