பழைய காரின் றேடியேற்றர்

மோட்டார்க் காரின் இயந்திரத்தினுள்ளே எரியும் பெற்றோலின் வெப்பம் முழுவதும் சக்கரங்களைச் சுழற்றுவதற்குப் பயன்படுவதில்லை. அதில் ஒரு பெரும் பங்கு புகையோடு வெளியேறுகின்றது. இன்னொரு பெரும் பங்கு இயந்திரத்தின் சுவர்களிலே தங்கி அவற்றைச் சுடவைக்கின்றது. இவ்வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிடின் மசகெண்ணெயின் படலம் கெட்டு, உலோகத்தோடு உலோகம் உராய்ந்து, இயந்திரம் இறுகிப்போகும். வெப்பத்தை ஏற்றுச் செல்வது நீர். அந்நீரைத் தணித்துத் திருப்பி அனுப்புவது காரின் முகப்பில் நிற்கும் றேடியேற்றர்.

பழைய கார்களின் றேடியேற்றர் மேலே ஒரு பித்தளைத் தொட்டியும் கீழே ஒரு பித்தளைத் தொட்டியும் கொண்டது. இரண்டையும் மெல்லிய குழாய்கள் பல இணைக்கின்றன. குழாய்களைச் சுற்றிக் கடதாசி போன்று மெல்லிய செப்புத் தகடுகள் நெருக்கமாகப் பொருத்தப்பட்டுள்ளன. இயந்திரத்திலிருந்து வரும் சுடுநீர் மேல்தொட்டியில் விழுந்து, குழாய்களின் வழியே இறங்கும்போது, தகடுகளிடையே புகும் காற்று அதன் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கின்றது.

இலங்கையின் வீதிகளில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோமாயின், அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இக்கார் 1948ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதன் தொடக்க கால வண்டிகளில் நீர்ப்பம்பி இருக்கவில்லை. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயற்கை விதி ஒன்றே நீரைச் சுற்றிவரச் செய்தது. பின்னரே பம்பி சேர்க்கப்பட்டது. குளிர்நாடுகளில் ஓடும் கார்களுக்குள் பயணிகளின் பாதங்களுக்கு வெம்மை தருவதற்கென இன்னொரு சிறிய றேடியேற்றரையும் வைப்பதுண்டு. பெரியதற்கு வரும் நோயே சிறியதற்கும் வரும். ஆயின் அது காரின் உள்ளே இருப்பதால், கால்விரிப்பு நனைதலும், முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிதலும் அதன் ஒழுக்கைக் காட்டும் அடையாளங்களாகும்.

ஒழுக்கு ஏன் அஞ்சத்தக்கது? கடல் மட்டத்திலே நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கின்றது. ஏறத்தாழ 6,000 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ, காற்றின் அழுத்தம் குறைவாதலால், 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். மலையேறும் இயந்திரம் அதிகமாக உழைக்கும் இடத்தில் நீர் விரைவிலே கொதிக்கின்றது என்பது சிந்திக்கத்தக்கது. இதற்குப் பரிகாரமாகவே றேடியேற்றருக்கு வில்லோடு கூடிய அழுத்த மூடி அமைக்கப்பட்டது. அக்காலக் கார்கள் பலவற்றின் மூடி சதுர அங்குலத்துக்கு 4 அல்லது 7 இறாத்தல் அழுத்தம் சேரும்வரை திறவாது. 7 இறாத்தல் அழுத்தத்தில், கடல் மட்டத்திலே நீர் ஏறத்தாழ 111 பாகையில்தான் கொதிக்கும். ஊசிமுனையளவு துவாரம் ஒன்று இருப்பினும் இவ்வழுத்தம் நிலைக்காது. அதன் பயன் முழுவதும் போய்விடும்.

இதே காரணத்தால், சூடான இயந்திரத்தின் றேடியேற்றர் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. மூடி அகன்றதும் அழுத்தம் வீழ, 100 பாகைக்கு மேற்பட்டு நிற்கும் நீர் அக்கணமே ஆவியாகிப் பொங்கி, திறந்தவரின் முகத்திலும் கைகளிலும் பாயும். இயந்திரத்தை நிறுத்தி, கையால் தொடக்கூடிய அளவுக்கு அது ஆறும்வரை காத்திருத்தலே வழி. கொதித்து நிற்கும் இயந்திரத்துள் தண்ணீரை ஊற்றுவதும் தவறு. திடீரெனக் குளிரும் வார்ப்பிரும்பு வெடிப்பதற்கு இடமுண்டு.

நீர் குறைகின்றது என்பதனால் மட்டும் றேடியேற்றரையே குற்றவாளியெனத் தீர்த்துவிடலாகாது. இறப்பர்க் குழாய்களின் பட்டிகள் தளர்ந்திருக்கலாம், நீர்ப்பம்பி கசியலாம், இயந்திரத் தலைக்கும் உடலுக்கும் இடையேயுள்ள காஸ்கெற் எரிந்திருக்கலாம். மசகெண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்தைப் பெற்றிருப்பின், நோய் இயந்திரத்தினுள்ளேயே உள்ளது. றேடியேற்றரில் வெண்மையான கறையோ பச்சைக் களிம்போ ஓரிடத்திலிருந்து கீழ்நோக்கி வழிந்திருந்தால், அக்கறையின் மேல்நுனியிலே துவாரத்தைத் தேடலாம்.

தேடும் முறை, சைக்கிள் திருத்துவோர் ரியூப்பின் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் முறையேயாகும். கழற்றிய றேடியேற்றரின் வாய்களை இறப்பர் அடைப்பான்களால் மூடி, ஒன்றின் வழியாகக் காற்றைச் செலுத்தி, நீர் நிறைந்த தொட்டியில் அமிழ்த்த வேண்டும். குமிழி எழும் இடமே துவாரம். இங்கு அழுத்தமானி ஒன்று இன்றியமையாதது. மூடிக்கு விதிக்கப்பட்ட அழுத்தத்தை மிஞ்சிக் காற்றை ஏற்றினால் மெல்லிய தொட்டிகள் உப்பி, நல்ல பொருத்துகளும் பிளந்துவிடும். குமிழி கண்ட இடத்தை உடனே அடையாளமிட்ட பின்னரும் சோதனையை நிறுத்தலாகாது. ஒன்று இருந்த இடத்தில் வேறொன்றும் இருத்தல் கூடும்.

அடுத்தது ஈயம் பற்றவைத்தல். ஈயமும் வெள்ளீயமும் சரிபாதியாகக் கலந்த பற்றாசு ஏறத்தாழ 215 பாகையில் முற்றாக உருகும். செம்பு உருகுவதற்கோ 1085 பாகை வேண்டும். எனவே செம்புக்குக் கேடின்றிப் பற்றாசை ஓடவிடலாம். ஆயினும் அழுக்கும் களிம்பும் படிந்த உலோகத்தைப் பற்றாசு பற்றாது. துவாரத்தைச் சுற்றிலும் செம்பு பளபளக்கும்வரை சுரண்டி, நாகத்தை ஐதரோக்குளோரிக் அமிலத்தில் கரைத்துப் பெறும் நீர்மத்தைப் பூசிய பின்னரே சூடேற்ற வேண்டும். பற்றாசு துவாரத்தினுள்ளே தானாக ஊர்ந்து செல்ல வேண்டுமேயன்றி, அதன்மேல் குவிந்து கிடத்தலாகாது. குவிந்து கிடப்பது வண்டியின் அதிர்வில் உரிந்து விழும்.

தொழிலறிந்தவரின் திறமை தெரியும் இடம் ஒன்றுண்டு. றேடியேற்றரின் பொருத்துகள் யாவும் முன்பே பற்றாசினால் ஆனவை. ஓரிடத்தை அடைக்கப்போய் அயலிலுள்ள பொருத்தை உருக்கிவிடுதல் எளிது. ஆதலால் அயற்பொருத்துகளின் மேல் ஈரத்துணியை இட்டு, வேண்டிய இடத்துக்கு மாத்திரம் சூட்டைக் கொடுப்பர். வேலை முடிந்ததும் சலவைச் சோடா கலந்த நீரால் அமிலத்தைக் கழுவி, மீண்டும் தொட்டியில் அமிழ்த்திச் சோதிப்பர். காற்று உலவும் இடத்தில் இவ்வேலையைச் செய்தலும், ஈயம் தொட்ட கையைக் கழுவிய பின் உண்ணுதலும், சிறுவரை அண்மையில் விடாதிருத்தலும் அவசியம்.

இத்தனை சிரமம் எதற்கு, சிறிது மஞ்சள் தூளையோ முட்டையின் வெண்கருவையோ றேடியேற்றரில் இட்டால் போதாதா என்று கேட்பவர் உளர். நடுவழியில் வீடு சேர்வதற்கு அது உதவலாம். ஆனால் அத்தூளுக்குத் துவாரம் எது, குழாய் எது எனப் பிரித்தறியத் தெரியாது. ஒழுக்கை அடைப்பது குழாய்களையும் அடைக்கும். ஒழுகும் றேடியேற்றர் நிலத்தை நனைத்துத் தன் குறையைச் சொல்லும். அடைபட்டது இயந்திரம் கொதிக்கும்வரை ஒன்றும் சொல்லாது.

குழாய்கள் அடைபடுவதற்கு நீரும் காரணமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல்லாலானது. அதன் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியிலே வெண்பொருக்குப் படிவதை எல்லோரும் அறிவர். அதே பொருக்கு றேடியேற்றரின் குழாய்களிலும் படிகின்றது. மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ, துருவைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்துப் பயன்படுத்துதல் நன்று. அடைப்பு உண்டாயின், கீழ்வாயிலிருந்து மேல்வாய்க்கு எதிர்த்திசையில் நீரைப் பாய்ச்சிக் கழுவலாம்.

1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் வடக்கே பெற்றோலும் உதிரிப் பாகங்களும் அரிதாயின. அந்நாட்களில் சில துளி பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியவை ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்களே. நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவற்றுள் அவையும் இருந்தன. பிரித்துப் பார்க்கவும் திருத்தவும் இடங்கொடுக்கும் அமைப்பு அவற்றைக் காத்தது. அலுமினியத்தாலும் பிளாஸ்திக்காலும் ஆன இக்கால றேடியேற்றர் எடையிற் குறைந்தது. எனினும் இந்தப் பற்றாசு அதிலே பற்றாது, பழுதானால் மாற்றுவதே வழக்கம். செம்பாலும் பித்தளையாலும் ஆனதோ, குழாய்கள் யாவும் உக்கிய பின்னரும் பழைய தொட்டிகளோடு புதிய நடுப்பகுதியை இணைத்துப் பயன்படுத்தத்தக்கது. அத்தகைய ஒன்றை வைத்திருப்போர் அதனைப் பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடுக்குமுன், ஒரு தொட்டி நீரில் அமிழ்த்திப் பார்த்தல் நலம்.