வெயிலில் உடல் வேகாதது ஏன்?

தேனி மாவட்டத்தில் கம்பத்தை அடுத்துள்ள சுருளிப்பட்டி, திராட்சைப் பந்தல்கள் நிறைந்த ஊர். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை இந்தப் பகுதியில்தான் விளைகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் திராட்சை வேலை நடந்துகொண்டிருக்கும். கவாத்து செய்வது, கொடியைக் கம்பியில் கட்டுவது, மருந்து தெளிப்பது, குலை வெட்டுவது என்று வேலைகள் பல. பெரும்பாலான வேலைகளைக் கைகளைத் தலைக்கு மேலே தூக்கியபடியே செய்ய வேண்டும்.

சித்திரை, வைகாசி மாதங்களில் நிழலிலேயே வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டும் நாள்கள் உண்டு. காலையில் குளிர்ந்திருந்த கல்தூணும் இரும்புக் கம்பியும் பிற்பகலில் கையைச் சுடுகின்றன. ஆனால் அதே இடத்தில் காலை முதல் வேலை செய்யும் ஒருவரின் நாவின் அடியில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். காலையில் 37 பாகையை ஒட்டியிருந்த அளவு, பிற்பகலிலும் ஏறத்தாழ அங்கேயே நிற்கும். கல் சூடாகிறது, கம்பி சூடாகிறது. மனித உடல் மட்டும் சூடாகாதது ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சிலர் அடுப்பைப் போன்ற ஓர் அறைக்குள்ளேயே புகுந்தார்கள். 1774-ஆம் ஆண்டில் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர், நண்பர்கள் சிலரோடு, கொதிநீரின் வெப்பத்தையும் மிஞ்சச் சூடேற்றிய அறையில் சில நிமிடங்கள் நின்று பார்த்தார். உடன் வைத்திருந்த முட்டைகள் வெந்து கெட்டியாயின. இறைச்சித் துண்டும் வெந்துவிட்டது. மனிதர்களின் உடல் வெப்பமோ ஏறக்குறைய மாறவில்லை! திறந்த பாத்திரத்தில் வைத்திருந்த நீரும் அந்த அறையில் கொதிக்கவில்லை. அதன்மேல் சிறிது எண்ணெயை விட்டு, நீர் ஆவியாவதைத் தடுத்த பிறகே அது கொதித்தது. ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்பதை இந்தச் சோதனை எடுத்துக் காட்டியது. நம் தோலின் மேல் வியர்வை செய்யும் வேலையும் இதுவேதான்.

ஒரு சிறு கணக்கு

வெப்பம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. நாம் உண்ணும் உணவு உடலுக்குள் எரிந்து ஆற்றலாகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மணிக்கு 60, 70 கிலோகலோரி செலவாகிறது. தோட்டத்தில் மிதமாக உழைக்கும்போது அது 250 அளவுக்கு உயரலாம். இதில் நான்கில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை. எஞ்சிய 200 கிலோகலோரியும் வெப்பமாகவே உடலில் தங்குகிறது.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் வெப்பத்தை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 50 கிலோகலோரி போதும். அப்படியானால் வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால், ஒரே மணி நேரத்தில் 37 பாகை 41 ஆகிவிடும். அது உயிருக்கு ஆபத்தான அளவு.

தோலின் வெப்பம் சாதாரணமாக 35 பாகைக்குள் இருக்கும். காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் தானாகவே வெளியேறும். காற்றும் 35 பாகையைத் தொட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகிறது. பிறகு மிஞ்சுவது வியர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். நம் கணக்கில் உள்ள 200 கிலோகலோரியைப் போக்க 350 மில்லிலிட்டர் வியர்வை போதும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயன் இல்லை, நீர்தான் நட்டம். காற்று ஓடாத, ஈரம் மிகுந்த இடத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. மருந்து தெளிப்பவர் உடலை மூடி அணியும் உடையும் இதே தடையைச் செய்கிறது. நஞ்சிலிருந்து காக்கும் உடையைக் கழற்றவும் முடியாது. ஆகவே தெளிக்கும் வேலையை வெயில் ஏறுமுன் முடிப்பதே அறிவுடைமை.

ஓயாத கண்காணிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார் ஓர் அரிய கருத்தைச் சொன்னார். நம் உடலின் உயிரணுக்கள் வெளி உலகில் வாழவில்லை. இரத்தமும் அதைச் சார்ந்த நீர்மங்களும் ஆகிய ஓர் உள்சூழலில் வாழ்கின்றன. அந்த உள்சூழல் மாறாதிருப்பதால்தான் வெளியே குளிரானாலும் வெயிலானாலும் நம்மால் உலவ முடிகிறது என்றார் அவர். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1926-ஆம் ஆண்டில் இந்த ஏற்பாட்டுக்கு 'ஹோமியோஸ்டாசிஸ்' என்று பெயர் சூட்டினார். தமிழில் இதை உடலின் உள்சமநிலை எனலாம்.

சமநிலை என்றதும் ஆடாமல் நிற்கும் தராசு நினைவுக்கு வரும். உடலின் சமநிலை அப்படிப்பட்டதன்று. கம்பிமேல் நடக்கும் கழைக்கூத்தாடி, விழாமல் இருப்பதற்காகக் கணந்தோறும் அசைந்துகொண்டே இருக்கிறாரே, அது போன்றது. இதற்கு மூன்று உறுப்புகள் தேவை: மாறுதலை உணர ஒன்று, அளவோடு ஒப்பிட்டு ஆணையிட ஒன்று, ஆணையை நிறைவேற்ற ஒன்று.

தோலிலும் உடலின் உட்பகுதியிலும் உள்ள நரம்பு முனைகள் வெப்பத்தை உணர்கின்றன. மூளையின் அடிப்பகுதியில், பாதாம் பருப்பு அளவே உள்ள ஹைப்போதலாமஸ் அந்தச் செய்தியைப் பெறுகிறது. வெப்பம் சிறிது கூடினாலும் அது இரண்டு ஆணைகளை அனுப்புகிறது. தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளிருக்கும் வெப்பம் இரத்தத்தோடு தோலுக்கு வருகிறது. அதே நேரத்தில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் வேலையைத் தொடங்குகின்றன. வெப்பம் இறங்கியதும் ஆணை தளர்கிறது. மாறுதலே தன்னைத் திருத்தும் செயலைத் தூண்டிவிடுவதால் இதை எதிர்ப்பின்னூட்டம் என்பர்.

அணையும் சிறுநீரகமும்

வியர்வைக்கான நீர் எங்கிருந்து வருகிறது? இரத்தத்திலிருந்துதான். அறுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் சுமார் 36 லிட்டர் நீர் உண்டு. அதில் மூன்றில் இரண்டு பங்கு உயிரணுக்களுக்கு உள்ளே இருக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியாக ஓடுவது மூன்று லிட்டர் அளவே. கடும் வெயிலில் உழைப்பவர் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்வையை இழக்கக்கூடும். இரத்தம் வற்றிவிடாமல் பார்த்துக்கொள்வது எளிய வேலையா?

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இதை விளக்குவது எளிது. 1895-ஆம் ஆண்டு முதல் இந்த மண்ணுக்கு நீர் தந்துவரும் முல்லைப் பெரியாறு அணையை நினைத்துக்கொள்ளுங்கள். அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் அளக்கிறார்கள். வரத்து குறைந்தால் திறந்துவிடும் நீரைக் குறைக்கிறார்கள். உடலிலும் இப்படித்தான். வியர்வையால் நீர் குறையும்போது இரத்தத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. நூற்றுக்கு ஒன்று, இரண்டு கூடினாலே ஹைப்போதலாமஸ் அதை அறிந்துகொள்கிறது. உடனே வாசோபிரசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அந்தச் செய்தியை ஏற்று நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. நாள் ஒன்றுக்கு 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டும் சிறுநீரகங்கள் ஒன்றரை லிட்டர் அளவையே வெளியே விடுகின்றன. நீர் குறைந்த நாளில் அதையும் சுருக்கிவிடுகின்றன. வெயில் நாளில் சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் அணையின் பொறியாளரால் மதகை அடைக்கத்தான் முடியும். மழையைப் பெய்விக்க முடியாது. சிறுநீரகமும் இழப்பைக் குறைக்கும், இழந்ததை உண்டாக்காது. அதற்காகத்தான் மூளை தாகம் என்ற உணர்வை எழுப்புகிறது. உள்சமநிலையின் கடைசிக் கண்ணி உடலுக்கு வெளியே, தண்ணீர்க் குடத்தில் இருக்கிறது.

தாகத்தை மட்டும் நம்பியிருப்பதும் சரியன்று. குடித்த நீர் இரத்தத்தில் கலந்து முடியும் முன்பே, வாயும் தொண்டையும் நனைந்ததும் தாகம் தணிந்துவிடுகிறது. கடுமையாக வியர்ப்பவர்கள் பெரும்பாலும் இழந்த அளவு குடிப்பதில்லை. ஆகவே வெயிலில் உழைப்பவர்கள் தாகத்துக்குக் காத்திராமல் பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு தம்ளர் நீர் பருக வேண்டும் என்பது தொழில்நல வல்லுநர்களின் அறிவுரை.

உப்பின் பங்கு

வியர்வை வெறும் நீரன்று. அது கரிப்பதை எல்லாரும் அறிவோம். 1920-களில் இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களுக்குத் தாங்க முடியாத தசைப்பிடிப்பு வந்தது. அவர்கள் தண்ணீரை நிறையவே குடித்தவர்கள்தாம்! மாஸ் என்ற ஆய்வாளர் இதை ஆராய்ந்து 1923-இல் எழுதினார். வியர்வையோடு உப்பும் போகிறது; வெறும் நீரை மட்டும் நிரப்பினால் உள்ளிருக்கும் உப்பு மேலும் நீர்த்துப் போகிறது. குடிநீரில் சிறிது உப்பைச் சேர்த்ததும் பிடிப்பு விலகியது.

நீரும் உப்பும் குடலிலிருந்து இரத்தத்துக்குள் விரைவாகச் செல்ல ஒரு துணை உண்டு. அது சர்க்கரை. குளுக்கோசும் சோடியமும் குடற்சுவரை ஒன்றாகக் கடக்கின்றன என்பதை 1960-இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். இந்த உண்மையின் பயன் 1971-இல் மேற்கு வங்காளத்தின் பங்காவ் என்ற ஊரில் வெளிப்பட்டது. வங்கதேசப் போரினால் ஓடிவந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய் வழியாகவே கொடுக்கச் செய்தார். முப்பது விழுக்காடு வரை இருந்த இறப்பு, அவர் கவனித்த நோயாளிகளிடையே நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மருந்துக் கடையில் இன்று கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் கதை இதுதான். 2022-இல் மறைந்த மகலநபிசுக்கு மறு ஆண்டில் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

பொட்டலம் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். அன்றாட வேலைக்கு நீராகாரமும் உப்பிட்ட மோரும் போதும். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் நோய் உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சமநிலை குலையும்போது

நீர் மேலும் குறைந்தால் உடல் ஓர் இக்கட்டில் சிக்குகிறது. தசைகளுக்கும் தோலுக்கும் மூளைக்கும் ஒரே இரத்தத்தையே பங்கிட வேண்டும். மூளைக்கும் இதயத்துக்கும் இரத்த அழுத்தம் விழாமல் காப்பதே முதல் கடமை. ஆகவே தோலுக்குப் போகும் இரத்தம் சுருங்குகிறது, வியர்வையும் குறையக்கூடும். உயிரைக் காக்கச் செய்த இந்தச் சிக்கனமே உடல் வெப்பத்தை ஏற்றிவிடுகிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஆகியவை முதல் எச்சரிக்கைகள். உடல் அனலாய்க் கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்ப மயக்கத்தின் உச்சநிலை. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீரை ஊற்றி விசிற வேண்டும். நினைவற்றவர் வாயில் நீரைப் புகட்டக் கூடாது.

மயங்கி விழாதவருக்கும் தீங்கு உண்டு. எல் சால்வடோர், நிகராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் இளம் தொழிலாளர் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. நாள்தோறும் நேரும் கடும் வெப்பமும் நீரிழப்பும் இதற்கு முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. நம் மாநிலத்தில், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாதுகாப்பான வரம்பைக் கடந்த வெப்பச் சூழலில் உழைப்பது தெரியவந்தது. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததும் அங்கே ஒரு பெருங்குறை.

இது உப்பளத்தோடு நிற்கும் செய்தியன்று. வயலிலும் தோட்டத்திலும் உழைக்கும் பெண்கள், ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். மூளை தாகத்தை எழுப்புகிறது. தண்ணீரும் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் குடிக்க முடிவதில்லை. இத்தனை நுட்பமான கருவியை ஒரு கழிப்பறையின் குறை தோற்கடித்துவிடுகிறது.

உடல் தன் பங்கைக் கற்றும் கொள்கிறது. வெயிலில் ஒன்று, இரண்டு வாரங்கள் பழகியவருக்கு வியர்வை விரைவாகச் சுரக்கும்; அதில் உப்பு குறைவாக இருக்கும்; இரத்தத்தின் நீர்ப்பகுதியும் சற்றுக் கூடும். அதனால் புதிதாக வேலைக்கு வருபவரை முதல் நாளே முழு வெயிலில் நிறுத்தக் கூடாது. நாளுக்கு நாள் சிறிது சிறிதாகவே நேரத்தைக் கூட்ட வேண்டும். நெடுநாள் நோயில் கிடந்து திரும்பியவருக்கும் இதே விதி.

மற்ற பங்கு நம்முடையது. தோட்டத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நல்ல தண்ணீர், நண்பகலில் நிழலில் ஓய்வு, தளர்வான பருத்தி உடை, பக்கத்தில் ஒரு கழிப்பறை. இவற்றை ஏற்பாடு செய்து தரும் தோட்ட உரிமையாளர், தம்மிடம் உழைப்பவரின் ஹைப்போதலாமஸுக்கும் சிறுநீரகத்துக்கும் கைகொடுக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.