பல் டாக்டர் படிப்புக்கு நம்ம பிள்ளைகளும் போகலாம்



பல் மருத்துவம் படிக்க உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் சித்தி வேண்டும். பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பம் கோரும். திகதி பிந்தினால் அந்த வருஷம் போச்சு. மருத்துவத்தை முதலாவதாகப் போட்டாலும் பல் மருத்துவத்தையும் அடுத்ததாகப் போடுங்கள். எழுதாத படிப்பு கிடைக்காது.

நூற்றுக்கு 40 இடம் முழு நாட்டுக்கும் பொது; 55 மாவட்ட ரீதியில்; 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை இதில் அடங்கும். ஆகவே கொழும்புப் பிள்ளைகளோடு மட்டும் போட்டி என்று பயப்பட வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பேர் வேறுவேறாக இருப்பதைத் தோட்டங்களில் அடிக்கடி பார்க்கிறோம். இப்போதே திருத்துங்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளையை சாதாரண தரத்தோடு கடை வேலைக்கு அனுப்பிவிடாதீங்க என்று கேட்டுக்கொள்கிறோம்.