வகுப்பறைக்கு வெளியே ஆசிரியர்

ஓமந்தூரைச் சேர்ந்த ஒரு தகப்பனார், மக்ரிப் தொழுகை முடிந்தபின் என்னிடம் வந்தார். அவருடைய மகள் திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் முதுகலை படிக்கிறாள். "ஹஜ்ரத், ஆய்வேடு விஷயமாகப் பேராசிரியர் மாலை வேளையில் தொலைபேசியில் பேசுகிறார். படிப்பை நிறுத்திவிடலாமா?" என்றார்.

நிறுத்துங்கள் என்று கூறுவது எளிது. எனக்கு மனம் வரவில்லை.

வகுப்போடு ஆசிரியரின் உறவு முடிந்திருந்தால் நமக்கு அப்துல் கலாம் கிடைத்திருப்பாரா? 1950இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்த அவருக்கு, ஆங்கிலம் கற்பித்த அருட்தந்தை செக்வைராவே விடுதிக் காப்பாளரும் ஆவார். இரவுதோறும் ஒவ்வொரு மாணவரையும் சென்று பார்ப்பது அவர் வழக்கம். பின்னர் சென்னை எம்.ஐ.டி.யில் விமான வடிவமைப்புப் பணி தாமதமானபோது, பேராசிரியர் சீனிவாசன் மூன்றே நாள் தவணை கொடுத்தார். தவறினால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். இரவு உணவையும் மறந்து கலாம் வரைபலகையின் முன் நின்றார். விடுமுறை நாள் என்றும் பாராமல் பேராசிரியர் நேரில் வந்து பார்த்தார். வேலையைக் கண்டு மாணவரைத் தழுவிக்கொண்டார். கடுமையும் அவரிடமே, கனிவும் அவரிடமே.

அதே அதிகாரம் வேறொரு கையில் என்ன ஆயிற்று என்பதையும் நாம் கண்டோம். அருப்புக்கோட்டை தேவாங்கர் கலைக் கல்லூரியின் உதவிப் பேராசிரியை நிர்மலா தேவி, பல்கலைக்கழக உயர் பொறுப்பினருக்கு இணங்கினால் மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என மாணவியரிடம் தொலைபேசியில் ஆசை காட்டினார். மாணவியர் மறுத்தனர். 2018 ஏப்ரலில் உரையாடல் வெளியாகி அவர் கைதானார். 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுவிக்கப்பட்டனர்.

பேசியவர் ஒரு பெண் என்பதைக் கவனியுங்கள். 'பேராசிரியைதானே' என்று நாம் கொள்ளும் நிம்மதி போதாது. மதிப்பெண் இடும் பேனா வகுப்பறைக்கு வெளியேயும் ஆசிரியரின் சட்டைப் பையில்தான் இருக்கிறது. (மதரஸாவில் பிரம்பு பிடிக்கும் எனக்கும் இது பொருந்தும்.)

2015ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். பாலியல் தொல்லை குறித்து மூன்று மாதங்களுக்குள் மாணவி எழுத்து மூலம் முறையிடலாம். ஆனால், 'வீட்டில் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும்' என்று அஞ்சும் பெண் எந்தக் குழுவின் படியேறுவாள்? நம்முடைய கோபமே அவள் வாயைப் பூட்டிவிடுகிறது.

தகப்பனாரிடம் இதைச் சொன்னேன். "உங்கள் மகள் இந்த அழைப்புகளை மறைத்தாளா?" என்றும் கேட்டேன். "இல்லை, அவளேதான் சொன்னாள்" என்றார்.

அடுத்த வாரம் அவர் மகளுடன் கல்லூரிக்குச் சென்றார். பேராசிரியர் நாற்காலி தந்து அமரச்செய்து, ஆய்வேட்டின் பக்கங்களைப் புரட்டிக் காட்டினாராம். இனி ஆலோசனை துறை அறையிலேயே, பகலில், மற்ற மாணவர்களும் இருக்கையில் நடக்கும் என்று முடிவாயிற்று. ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.